பூஜையன்று அம்பத்தூர் டவரை அணைத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த அறைக்குள் ஒரு ஆள் இருந்தான். உறைய வைக்கும் குளிரில், வெளியே வர வழியில்லாமல், புது வேட்டி சட்டையோடு இருந்தான். அம்பத்தூர் கன்ட்ரோல் ரூமில் சுண்டல் தின்றுகொண்டிருந்த எங்களுக்கு அது தெரியாது. எங்கள் திரை முழுக்கப் பச்சை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். கதையை மர்மமாக இழுத்து உங்களை அலைக்கழிக்க எனக்குப் பொறுமை கிடையாது.

நான் காந்திமதி. போன வருஷம் ஓய்வு பெற்றேன். கன்ட்ரோல் ரூமில் ஜன்னலோரமாகக் கைப்பிடி ஆடுகிற நாற்காலி ஒன்று இருக்கிறதே, அது என்னுடையது. பயிற்சிப் பிரிவிலிருந்து போன் செய்து, "புதுசா பசங்க சேர்ந்திருக்காங்க மேடம், ஸ்லாட் பத்தி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்றார்கள். நாலு வார்த்தையில் முடிகிற சமாசாரமா அது! கையேட்டில் எல்லாம் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாததைத்தான் நான் சொல்வேன்.

இருந்தாலும் அடிப்படையை என் பாணியில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்குத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் ஏழு பேர், பாத்ரூம் ஒன்று. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் அப்பா உள்ளே போவார். அவர் வந்ததும் பெரியண்ணன், அப்புறம் சின்னண்ணன், அப்புறம் நான் என்று வரிசை போகும். ஒவ்வொருவருக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி, துண்டு, சோப்பு எடுத்துக்கொண்டு வெளியே வர. யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சங்கிலிருந்து எண்ணினால் அவரவர் முறை அவரவருக்குத் தெரியும்.

நம் ரேடியோ சேனலும் அவ்வளவுதான். அரசிடம் உரிமம் வாங்கிய ஒரே சேனல். கஸ்டமர் இடங்களில் நாம் மாட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான பெட்டிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா, யாராவது அவசர பட்டனை அழுத்தினார்களா என்று ஒவ்வொரு பெட்டியும் தனக்கான துளி நேரத்தில், அதுதான் ஸ்லாட், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். சங்கு ஊதுவது டவரின் வேலை. "புதுச் சுற்று ஆரம்பம்" என்று டவர் கூவும். அதைக் கேட்டுத்தான் பெட்டிகள் தங்கள் முறையை எண்ணிக்கொள்ளும்.

இப்போது கவனியுங்கள். சங்கு காதில் விழாத பெட்டி என்ன செய்யும்? கத்துமா? கத்தாது. சும்மா இருக்கும். முறை தெரியாமல் பேசி அடுத்தவன் பேச்சைக் கெடுக்காதே என்று நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. அந்த நல்ல பழக்கம்தான் அன்றைக்கு ஒருவனை உள்ளேயே வைத்துக் கொன்றிருக்கும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம், அப்புறம் கதைக்கு வந்துவிடுகிறேன். நமக்கு டவர் இரண்டு. ஒன்று அம்பத்தூரில் நம் ஆபீஸ் மொட்டைமாடியில், இன்னொன்று பட்டாபிராமில். இரண்டுக்கும் அதே ஒரு சேனல். இது பேசும்போது அது பேசாது, அது பேசும்போது இது பேசாது. அதற்கு இரண்டு டவர்களின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். அதனால் ஒவ்வொரு டவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். வானத்தைப் பார்ப்பதற்கென்று மாடியில் வெள்ளையாக ஒரு குமிழ் நிற்கும், காளான் மாதிரி. பார்த்திருப்பீர்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் எப்படி இருக்கும் என்று உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மதியத்திலிருந்தே ஒவ்வொரு பட்டறை வாசலிலும் பூசணிக்காய் உடைபடும். லேத்துக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம். கையில் பொரி பொட்டலமும் ஸ்வீட் பாக்கெட்டுமாக ஆட்கள் ரயிலுக்கு ஓடுவார்கள். எனக்கு அந்த நாள் ரொம்பப் பிடிக்கும். வருஷம் முழுக்க எண்ணெயும் தூசியுமாக இருக்கிற இரும்புக்கு ஒருநாள் பொட்டு வைத்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் ஆபீசில் அலங்காரப் பொறுப்பு மாரியுடையது. மாரி நம் டெக்னீஷியன், கொரட்டூர்க்காரன், டவர் ஏறுவதில் புலி. எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், பக்திமான். அவர் இரண்டு நாளுக்கு முன்பே மாரியிடம், "ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருங்க, எந்த மெஷினும் நம்மள விட்டுட்டாங்கன்னு நினைக்கக் கூடாது பாருங்க" என்று சொல்லியிருந்தார். மாரியும் முந்தைய நாள் சாயங்காலமே வேலையை முடித்துவிட்டான்.

"இன்னா மேடம், கீழ கீற ரேக்குக்கு வெச்சாச்சு, மாடில கீற ஐட்டத்துக்கும் வெச்சாச்சு. சும்மா கல்யாண ஊடு மாதிரி ஜொலிக்குது, போய்ப் பாருங்க" என்றான்.

முழங்கால் வலி, நான் மாடி ஏறவில்லை. சரிப்பா, நல்லா இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் பூஜை முடிந்து மதியம் சுண்டல் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. ஆபீசே பாதி காலி. அப்போது ஒரு போன். ஆவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். தளவாடத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர், ஆனால் போனில் பேசும்போது போனே தேவையில்லை, அவ்வளவு சத்தம்.

"ஏம்மா, ஒங்க பொட்டிய நம்பித்தான மோட்டார போட்டு வச்சிருக்கோம்? தொட்டி நெறஞ்சு மாடிப்படி வழியா தண்ணி கொட்டுது! இனிமே குத்தாலத்துக்கு எதுக்குப் போகணும்? இங்கனயே துண்டக் கெட்டிட்டு நின்னுக்கிடலாம்!"

மோட்டாரைக் கையால் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். அவர்கள் தொட்டி பச்சை. பாதி நிரம்பியிருப்பதாகக் காட்டியது. படிக்கட்டில் அருவி கொட்டுகிறது, திரையில் பாதித் தொட்டி!

இந்த இடத்தில் பல பேர் செய்வது என்ன தெரியுமா? "மிதவை சிக்கியிருக்கும், நாளை மறுநாள் ஆள் அனுப்புறோம்" என்று எழுதி வைத்துவிட்டுச் சுண்டலுக்குத் திரும்புவது. நியாயமான ஊகம்தான். மிதவை சிக்கும்தான். ஆனால் என் குணம் வேறு. யாராவது கத்தினால் எனக்கும் கோபம் வரும், கோபம் வந்தால் அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்காமல் தூக்கம் வராது. அவர் தப்பு என்று நிரூபிக்கத்தான் அந்தப் பெட்டி கடைசியாக எப்போது பேசியது என்று பார்த்தேன்.

பேசி வெகுநேரமாகிவிட்டது! அந்தப் பச்சை அப்போதைய பச்சை இல்லை, அது எப்போதோ சொன்னதன் மிச்சம். ஒரு பெட்டி கொஞ்சநேரம் பேசாவிட்டால் உடனே மணி அடிக்கக் கூடாது என்று நாம் வைத்திருந்த தாராளமான அவகாசம் இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை பழைய நிறமே நிற்கும். சுண்டல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எல்லாப் பெட்டிகளையும் கடைசியாகப் பேசிய வரிசையில் அடுக்கினேன். ஒன்று இல்லை, ஒரு கூட்டமே வாயை மூடிக்கொண்டிருந்தது. எல்லாம் பச்சையாக, சமர்த்தாக, ஒரு சத்தமும் இல்லாமல்.

சுவரில் நம் பகுதி வரைபடம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். பேனாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. பூஜைத் தட்டில் குங்குமம் இருந்தது. விரலில் தொட்டு, பேசாத இடம் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிமேல் ஒரு பொட்டு வைத்தேன்.

"என்னங்க மேடம், மேப்புக்கும் பூஜையா?" என்று சிரித்தார் மேனேஜர்.

"கிட்ட வந்து பாருங்க சார்" என்றேன்.

அம்பத்தூரில் ஒரு பொட்டுகூட இல்லை. பட்டாபிராமிலும் இல்லை. ஆவடியிலும் முத்தாபுதுப்பேட்டை போகிற வழியிலுமாக, நடுவில் மட்டும் அம்மை போட்ட மாதிரி சிவப்பு. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பிள்ளைகளே, இதுதான் இந்தத் தொழிலிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிஷம், இன்றைக்கு நினைத்தாலும் கை பரபரக்கிறது! இரண்டு ஓரங்களும் நலம், நடு மட்டும் ஊமை என்றால் அர்த்தம் ஒன்றுதான். ஓரத்தில் இருப்பவன் காதில் ஒரு டவர்தான் விழும். அது சரியாகக் கூவினாலும், கொஞ்சம் முன்னே பின்னே கூவினாலும் அவனுக்குக் கவலை இல்லை, அவனுக்கு அதுதான் சங்கு. நடுவில் இருப்பவன் இரண்டு டவரையும் கேட்பான். இரண்டும் ஒழுங்காக மாறி மாறிக் கூவினால் பிழைத்தான். ஒன்றின் கடிகாரம் நழுவி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கூவ ஆரம்பித்தால், அவன் காதில் வெறும் இரைச்சல். சங்கு கேட்கவில்லை, முறை தெரியவில்லை, ஆகவே மரியாதையாகப் பேசாமல் இருந்துவிடுவான்.

"ஏதோ ஒரு டவர் கடிகாரம் நழுவிடுச்சு சார்" என்றேன்.

"எதுங்க?"

"தெரியல. இப்போ அது முக்கியமும் இல்ல."

என் கண் அந்த வரிசையிலேயே இருந்தது. ஊமையாகக் கிடந்தவற்றில் தண்ணீர்த் தொட்டிகள், ஒரு போர்வெல், ஒரு ஜெனரேட்டர் கொட்டகை. இதெல்லாம் போகட்டும். நடுவில் ஒரு பெயர் என்னைக் குத்தியது. முத்தாபுதுப்பேட்டை சாலையில் ஒரு கோல்டு ஸ்டோரேஜ். உறைந்த பட்டாணியும் மீனும் வைக்கிற இடம். அங்கே குளிர் அறைக்குள் சுவரில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவன் அதை அழுத்தினால், வெளியே கூரைமேல் இருக்கும் நம் பெட்டி நமக்குச் சொல்லும். சொல்ல அதற்கு முறை வேண்டும்.

உடனே அந்த கோல்டு ஸ்டோரேஜ் வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். பின்னணியில் கம்ப்ரசர் இரைச்சல்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"அத்த ஏன் கேக்குற மேடம், பூஜ போட்டு எல்லாரும் பொரிய வாங்கிகினு ஊட்டுக்குப் பூட்டாங்க. நான் ஒண்டிதான் கீறேன். எல்லாம் சோக்கா கீது."

மேனேஜர் மூச்சு விட்டார். "அவரே சொல்லிட்டாருங்களே மேடம். அப்புறம் என்ன? நிதானமா ஆளக் கூட்டிட்டு வந்து பார்க்கலாம்."

எனக்கு நிதானம் வரவில்லை. வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஆனால் வாட்ச்மேனுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பவனுக்காகத்தானே அந்த பட்டன்! வாட்ச்மேனைக் கேட்டாலே போதும் என்றால் பட்டன் எதற்கு, நாம் எதற்கு?

"அம்பத்தூர் டவரை அணைக்கிறேன் சார்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "என்னங்க பேசறீங்க? நல்லா ஓடிட்டிருக்கற டவரு! இந்தப் பக்கம் இருக்கற அத்தனை கஸ்டமரும் போயிருவாங்க. அதுவும் இப்பத்தான் கற்பூரம் காட்டிருக்கு. பூஜை போட்ட மெஷின அதுக்குள்ள அணைக்கறதுங்களா? அபசகுனம்ங்க!"

அவர் பயந்ததில் பாதி நியாயம், அதை மறைக்க மாட்டேன். ஒரு பக்கத்தைக் கேட்பதற்காக இன்னொரு பக்கத்தின் வாயைக் கட்டுகிறேன். அந்த நேரத்தில் அம்பத்தூர் பக்கம் ஒருவன் பட்டனை அழுத்தினால்? அதற்குத்தான் மாரியைக் கூப்பிட்டேன். "மாரி, நம்ம டவர்ல உயிர் சம்பந்தப்பட்ட இடம் எதெது, ஆஸ்பத்திரி, பாய்லர் ஓடுற கம்பெனி, எல்லாத்துக்கும் போன் போடு. கொஞ்ச நேரம் எங்க பெட்டி பேசாது, நீங்களே ஒரு ஆளை நிறுத்திப் பார்த்துக்கங்கன்னு சொல்லு." பூஜைக்காக முக்கால்வாசிக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. போன் போட வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். பாதி எண்ணுக்குப் போன் போட அவன் ரிசப்ஷன் பெண்ணையும் இழுத்துக்கொண்டான்.

ஏன் பட்டாபிராமை அணைக்காமல் அம்பத்தூரை அணைத்தேன் என்று கேட்பீர்கள். எது நழுவியது என்று எனக்கு அப்போது தெரியாது. எதை அணைத்தாலும் மிச்சமிருப்பது தெளிவாகக் கேட்கும். ஆனால் ஊமையாகக் கிடந்தவற்றில் பெரும்பாலானவை, அந்த கோல்டு ஸ்டோரேஜ் உட்பட, பட்டாபிராம் டவரிடம் முறை வாங்கியவை. தன் டவரின் குரல் கேட்டால் உடனே பேசும். புதிதாக இன்னொரு டவரிடம் போய் இடம் கேட்டு நிற்க அதற்கு நேரமாகும்.

மாரி கட்டை விரலைக் காட்டினான். நான் டவரை இயக்கும் மெஷின்கள் அடுக்கிய ரேக் அறைக்குப் போனேன். வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், ஊதுபத்தி வாசனை. ரேக்கின் முகத்தில் சந்தனமும் குங்குமமும். மேனேஜர் வாசலில் நின்றார்.

"மேடம், நாளைக்கு மேலிடத்துல கேட்டா என்னங்க சொல்றது?"

"காந்திமதிக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு சொல்லுங்க சார், ஓய்வு பெறப்போற வயசு, நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு, ரேக்குக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சைக் கீழே தள்ளினேன். மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அறையை அவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை.

கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பி நடக்கையிலேயே மணி அடித்தது! ஒரு மணி இல்லை, சரமாரி. ஆவடித் தொட்டி: நிரம்பி வழிகிறது. ஜெனரேட்டர் கொட்டகை: டீசல் குறைவு. அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவரவர் முறையில் கொட்டித் தீர்த்தன. நடுவில் ஒரு வரி ரத்தச் சிவப்பாக வந்து நின்றது.

கோல்டு ஸ்டோரேஜ். குளிர் அறை. உள்ளிருந்து அழைப்பு.

அது போய் மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. பழைய அழுத்தல் இல்லை அது. அந்தக் கணத்திலும் உள்ளே யாரோ பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ! ஆள் கீறான் மேடம்! உள்ள ஆள் கீறான்!" என்று மாரி அலறினான். போனில் நம்பரை அவனே அழுத்தினான். ஸ்பீக்கரில் வாட்ச்மேன் குரல் வந்தது.

"நைனா, மீன் ரூமத் தொற! உள்ள ஆள் கீறாரு! ஓடு நைனா, ஓடு!" என்றான் மாரி.

"அட இன்னாப்பா நீ, அதான் சொன்னேனே, எல்லாரும்..."

"ஓடுய்யா!" என்று நான் கத்தினேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

அவர் ஓடினார். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடியது எங்களுக்குக் கேட்டது. செருப்புச் சத்தம், சாவிக்கொத்து, கம்ப்ரசர் இரைச்சல் கிட்டே வந்து கிட்டே வந்து பெரிதானது. தாழ்ப்பாள் இழுபட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்றார். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், வெளியே வரவில்லை.

"மேடம்! உயிரோட கீறான் மேடம்! ஏழுமல மேடம்! மீன் பொட்டியத் தூக்கிகினு நடந்துகினு கீறான்!"

நான் அப்படியே அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை. மேனேஜர் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் சிந்திய பொரியோடு.

நானும் மாரியும் கம்பெனி வண்டியில் போனபோது ஏழுமலையை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லோடு ஏற்றுகிற ஆள், முப்பது வயது இருக்கும். கோணிகளும் யாருடைய ஜெர்க்கினோ மேலே போர்த்தி, உதடு நீலம் பாரித்து, விரலெல்லாம் வெளுத்துக் கிடந்தான். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. பல் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ளப் பேசினான்.

எல்லாரும் கிளம்பியபோது, குளிர் அறைக்குள் இருக்கிற பெரிய ஃபேனுக்குப் பொட்டு வைக்க மறந்துவிட்டதே என்று அவன் ஒருவன் மட்டும் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போயிருக்கிறான். பொட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும், ஜெர்க்கின் எதற்கு என்று புது வேட்டியோடே போய்விட்டான். கோல்டு ஸ்டோரேஜில் ஒரு வழக்கம் உண்டு, கதவு திறந்து கிடந்தால் பார்த்தவர் யாராக இருந்தாலும் சாத்திவிட வேண்டும். குளிர் போகக் கூடாது. வாட்ச்மேன் அந்தப் பக்கம் வந்தார், திறந்து கிடந்தது, கடமையாகச் சாத்திவிட்டுப் போனார். உள்பக்கக் கைப்பிடி பனி பிடித்து இறுகியிருந்தது. கதவைத் தட்டியது கம்ப்ரசர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை.

"பட்டன அமுக்குனேன் மேடம். கொஞ்ச நேரம் பொட்டிங்கள இந்தாண்ட இருந்து அந்தாண்ட அடுக்குவேன், ஒடம்பு சூடாவும். மறுபடி வந்து அமுக்குவேன். பூஜ நாள்ல லோடு ஏத்தக் கூடாதும்பாங்க, நான் முழு ரூமயும் மாத்தி வெச்சிட்டேன் மேடம்" என்றான்.

"யாரும் வரலியேன்னு தோணலியாப்பா?"

"தோணுச்சு. ஆனா இந்த பட்டன மாட்டுனப்ப உங்க ஆளுதான் சொல்லிட்டுப் போனாரு, அமுக்குனா அம்பத்தூர்ல கேக்கும்னு. கேட்டுகினு இருப்பாங்கன்னு அமுக்கிகினே இருந்தேன்."

மாட்டியபோது சொல்லிவிட்டுப் போன ஆள் மாரிதான். வண்டிக்குப் பின்னால் போய் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டான்.

ஆபீசுக்குத் திரும்பியதும் மாடியில் இருந்த கடிகாரப் பெட்டியைப் பார்க்க மாரியே போனான். அதில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு உண்டு, வானம் தெரியவில்லை என்றால் எரியும். அது மாடியில் மட்டும்தான் எரியும், நம் திரைக்கு வராது. பெட்டியின் மேல் சாமந்தி மாலை தொங்கி விளக்கையே மறைத்திருந்தது. மாலையை விலக்கினால் மஞ்சள். பக்கத்தில் அந்த வெள்ளைக் குமிழ், சந்தனம் அப்பி, அதன்மேல் வெள்ளி ஜிகினாத் தாளைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, அம்சமாக நின்றது. வானத்தைப் பார்க்க வேண்டிய கண்ணுக்கு உலோகத் தாளில் தலைப்பாகை! முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அந்தக் கடிகாரம் தன் ஞாபகத்திலேயே ஓடிக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது.

ஜிகினாத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாரி கீழே வந்தான். "நான்தான் மேடம்" என்றான்.

மேனேஜர் கொதித்தார். உடனே வேலையைவிட்டு அனுப்ப வேண்டும், எழுதுங்கள் என்றார். நானும் கொதித்தேன், எதிர்ப்பக்கத்தில்.

"ஒண்ணு விடாம பொட்டு வைக்கச் சொன்னது யாரு சார்? அந்தக் குமிழ்ல தொடாதேன்னு எங்கயாவது எழுதியிருக்கா? மஞ்சள் விளக்க மாடியில வச்சா யாரு பார்ப்பாங்க, காக்காயா? இவன அனுப்பிட்டா அடுத்த வருஷம் இன்னொருத்தன் அதே பக்தியோட போய் அதே தலைப்பாகையக் கட்டுவான். எழுதுறதா இருந்தா இவன், நீங்க, நான்னு மூணு பேரையும் சேர்த்து எழுதுங்க."

அவர் நல்ல மனிதர். கோபம் தணிய நேரமானது, தணிந்தது. மஞ்சள் விளக்கு இப்போது உங்கள் திரையில் வருகிறது. குமிழ்மேல் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. அவகாசத்தைக் குறைத்தோம், பெட்டி கொஞ்சம் பேசாவிட்டாலே பச்சை போய்விடும். அடிக்கடி சாம்பல் நிறம் வருகிறதே என்று நீங்கள் சலித்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றாதீர்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நம் ஆபீஸ் வாசலில் ஒருவன் வந்து நின்றான். ஏழுமலை. விரல்கள் எல்லாம் பிழைத்துவிட்டன, ஒன்றின் நுனி மட்டும் மரத்துப் போயிருக்கிறது. கையில் சந்தனக் கிண்ணம். அதே புது வேட்டியா என்று கேட்டேன், அது ராசியானது மேடம் என்றான்.

"என்னைக் காப்பாத்துன மெஷினுக்குப் பொட்டு வெக்கணும். எது மேடம் அது? மாடில கீற அந்த வெள்ளயா?"

"வேணாம்! வேணாம்!" என்று ஆபீசே ஒரே குரலில் கத்தியது. மாடிப்படியை மறித்துக்கொண்டு மேனேஜரே நின்றார். ஏழுமலை மிரண்டுபோய்க் கிண்ணத்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்பெனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மாரி சிரிக்கவில்லை. ஏழுமலையின் கையைப் பிடித்து ரேக் அறைக்குக் கூட்டிப்போனான். நாங்கள் பின்னால் போனோம். பட்டாபிராம் டவரோடு பேசுகிற பெட்டியைக் காட்டுவான் என்று நினைத்தேன். அவன் ரேக்கின் பின்பக்கம் போய்க் குனிந்து, மாலையும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் தூசியோடு இருந்த அந்த ஸ்விட்சைத் தொட்டுக் காட்டினான். அணைக்கிற ஸ்விட்சுக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

"இதான் அண்ணாத்தே. இத்த அணச்சப்பதான் நீ அமுக்குனது எங்களுக்குக் கேட்டுச்சு."

ஏழுமலை குனிந்தான். மரத்துப்போன அந்த விரலால் சந்தனத்தைத் தொட்டு, ஸ்விட்சுக்குப் பக்கத்துத் தகட்டில், மிகவும் சின்னதாக ஒரு பொட்டு வைத்தான். ஸ்விட்சுமேல் படாமல் வைத்தான். அவனுக்கு எங்களைவிட எச்சரிக்கை.

அது இன்னும் அங்கே இருக்கிறது. ரேக்குக்குப் பின்னால் கைவிளக்கு அடித்துப் பாருங்கள், காய்ந்துபோன மஞ்சள் கறை ஒன்று தெரியும். அழுக்கு என்று நினைத்து யாரும் துடைத்துவிடாதீர்கள்.